1080பி ப்ரொஜெக்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

வெண்திரை

வணக்கம். கொஞ்ச நாளாக மண்டையைக் குடையும் கேள்வி இது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கொட்டிவிடுகிறேன்.

இப்போது இருப்பது 1080பி, மூன்று எல்சிடி பேனல், லேம்ப் ப்ரொஜெக்டர். லேம்ப் மீட்டர் 3,200 மணிநேரம் காட்டுகிறது, இன்னும் முதல் லேம்ப்தான் ஓடுகிறது. திரை 120 அங்குலம், 16:9, சாதாரண மேட் வெள்ளை, கெயின் (விழும் வெளிச்சத்தைத் திரை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்ற அளவு) 1.0. சோபாவிலிருந்து திரைக்கு 3.6 மீட்டர். ப்ரொஜெக்டர் கூரையில் தொங்குகிறது, லென்ஸிலிருந்து திரைக்கு 3.9 மீட்டர். ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை உண்டு, பகலிலும் நன்றாகவே இருட்டாகிவிடும். சுவர் இளமஞ்சள், கூரை வெள்ளை.

பார்ப்பது பெரும்பாலும் சினிமா. தம்பி வந்தால் கேம்.

குறை இரண்டு. இரவுக் காட்சிகளில் கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல் பூசியது போல இருக்கிறது. இன்னொன்று, புதிதாக வாங்கிய 4கே பிளேயரில் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வீச்சு உள்ள படம்) டிஸ்க் போட்டால் படம் மங்கி, உயிரில்லாமல் தெரிகிறது. அதே படத்தின் பழைய ப்ளூரே இதைவிடப் பளிச்சென்று இருக்கிறது!

என் முன்னால் இருக்கும் வழிகள்: புது லேம்ப் மட்டும் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டுவது, 3,500 லூமன் (ப்ரொஜெக்டர் வெளியிடும் மொத்த வெளிச்சத்தின் அலகு) என்று போட்டிருக்கும் புது 4கே டிஎல்பி (நுண் கண்ணாடிகள் நிறைந்த சில்லால் படம் காட்டும் ரகம்) லேசர் வாங்குவது, அல்லது யாரோ பயன்படுத்திய அசல் 4கே ஜேவிசி ப்ரொஜெக்டர் ஒன்றை வாங்குவது. மனைவியின் கட்சி: "படம்தான் தெரிகிறதே, அப்புறம் என்ன?"

கடைசிவரிசை

யோசிக்கவே வேண்டாம், 4கே-க்கு மாறுங்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் 1080பி பக்கம் திரும்ப மனசு வராது. லேம்ப் எல்லாம் பழைய காலம். லேசர் என்றால் 20,000 மணிநேரம் தலைவலி இல்லை.

இருட்டுப்பிரியன்

கடைசிவரிசை, அவர் சொன்ன இரண்டு குறையில் ஒன்றுகூட "படம் கூர்மையாக இல்லை" என்பது இல்லையே. நோய் ஒன்று, மருந்து ஒன்று என்று போய்விடக் கூடாது.

வெண்திரை, முதலில் லேம்பைப் பாருங்கள். லேம்புக்கு 4,000 மணிநேர ஆயுள் என்று போட்டிருந்தால், அந்தக் கெடு வரும்போது வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகியிருக்கும் என்று பொருள். லேசருக்குச் சொல்லும் 20,000 மணிநேரமும் இதே கணக்குத்தான். அதுவும் குறைந்துகொண்டேதான் போகும், மெதுவாக. வெளிச்சம் ஒரே நாளில் விழுந்தால் கண்ணுக்கு உறைக்கும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் நமக்கு அது பழகிப்போகும்.

போனில் லக்ஸ் மீட்டர் (விழும் வெளிச்சத்தை அளக்கும்) செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திரையில் போட்டு, போனைத் திரையின் நடுவில் ஒட்டினாற்போல் பிடியுங்கள், முகப்பு ப்ரொஜெக்டரைப் பார்த்திருக்க வேண்டும். சென்சார் முன் கேமராவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், விரலால் மறைத்துவிடாதீர்கள். வரும் எண்ணை 3.14-ஆல் வகுத்தால், கெயின் 1.0 திரையில் உங்களுக்குக் கிடைக்கும் நிட் (திரை கண்ணுக்குத் தரும் பிரகாசத்தின் அலகு) அளவு வந்துவிடும். போன் சென்சார் ஆய்வகக் கருவி இல்லை, ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கத் தாராளமாகப் போதும்.

டிஜிட்டல் தியேட்டர்களுக்கு வகுத்திருக்கும் அளவு 48 நிட். உங்களுக்கு என்ன வருகிறது என்று சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.

நுண்பார்வை

கூர்மை பற்றியும் ஒரு கணக்கு போட்டுவிடலாம், ஏனென்றால் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இரண்டு கட்சியும் கணக்குப் பார்க்காமலேயே சண்டை போடுகிறது.

120 அங்குலத் திரையின் அகலம் 2.66 மீட்டர். அதை 1,920-ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 1.38 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ள கண் பிரித்துப் பார்க்கக்கூடிய எல்லை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், இந்தப் பிக்சல் சுமார் 4.75 மீட்டர் வரை கண்ணுக்குப் பிடிபடும். அதற்கு அப்பால் உட்கார்ந்தால் 1080பி-க்கும் 4கே-க்கும் வித்தியாசம் காண்பது கடினம். 4கே பிக்சலின் அகலம் இதில் பாதிதான், ஆகவே அதற்கு இதே எல்லை 2.4 மீட்டருக்குள் வந்துவிடும்.

வெண்திரை உட்காருவது 3.6 மீட்டரில். ஆகவே 4கே-யால் பயன் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழுப் பயனும் கிடைக்காது. சினிமா விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது: பல படங்களின் இறுதி எடிட்டும் கிராபிக்ஸும் 2கே அளவிலேயே முடிக்கப்பட்டு, பிறகு 4கே ஆக்கப்பட்டவை. அப்படிப்பட்ட டிஸ்கில் கூடுதல் நுணுக்கம் என்று பெரிதாக எதுவும் இருக்காது.

வெளிச்சம் குறையக் குறையக் கண்ணின் கூர்மையும் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. மங்கிய 4கே-யைவிட நல்ல வெளிச்சமும் கான்ட்ராஸ்டும் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) உள்ள 1080பி கூர்மையாகத் தோன்றுவது இதனால்தான்.

கடைசிவரிசை

நுண்பார்வை சார், கணக்கெல்லாம் சரி. ஆனால் ஸ்ட்ரீமிங்கில் 4கே வரிசையின் தரமே தனி. அதை விட்டுவிட்டீர்களே?

நுண்பார்வை

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே வித்தியாசத்தை உண்டாக்குவது பாதிக்குமேல் பிட்ரேட்தான் (நொடிக்கு வரும் தரவின் அளவு). சாதாரண ப்ளூரேயில் வீடியோவுக்கே நொடிக்கு 40 மெகாபிட் வரை இடமுண்டு. 4கே ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகமே 15 மெகாபிட்தான். யூஎச்டி (4கே) டிஸ்க் உச்சத்தில் 128 வரை போகும். நல்ல 1080பி டிஸ்க், சுமாரான 4கே ஸ்ட்ரீமிங்கோடு தாராளமாக மல்லுக்கட்டும்.

வெண்திரை

அளந்தேன். "சினிமா" மோடில், முழு வெள்ளையில், நடுவில் 105 லக்ஸ். வகுத்தால் 33 நிட் வருகிறது. ஈகோ மோடு இல்லை, முழு லேம்ப். "டைனமிக்" மோடில் 190-க்கு மேல் போகிறது, ஆனால் எல்லா முகமும் பச்சை பிடித்துவிடுகிறது.

இருட்டுப்பிரியன்

பார்த்தீர்களா? 33 நிட்டில் சாதாரணப் படமே தள்ளாடும், எச்டிஆர் என்ன செய்யும் பாவம்.

அந்த டைனமிக் மோடு விஷயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 3,500 லூமன் என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் அந்தப் பச்சை மோடில் அளந்ததுதான். நிறம் சரியாக வரும் மோடுக்குப் போனால் பல மாடல்களில் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். ஆகவே புது ப்ரொஜெக்டரின் லூமனை உங்கள் 33 நிட்டோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம். உங்கள் திரைப் பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். நிறம் சரிசெய்த மோடில் 1,000 லூமன் வந்தால் 80 நிட் கிடைக்கும். அந்த மோடில் எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுதியிருக்கும் விமர்சனமாகத் தேடிப் படியுங்கள். லூமனுக்கு ஐஎஸ்ஓ 21118, ஏஎன்எஸ்ஐ என்று எந்த அளவுமுறையும் போடாமல் வெறும் எண் மட்டும் இருந்தால், அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

இப்போது கறுப்பு. இதற்கு இரண்டு சோதனை சொல்கிறேன், கருவி எதுவும் வேண்டாம்.

முதலாவது. அறையை முழு இருட்டாக்கி, முழுக் கறுப்புப் படம் ஒன்றை ஓடவிடுங்கள். மெனுவில் உள்ள மியூட் பொத்தானை அமுக்காதீர்கள், அது சில மாடல்களில் விளக்கையே அடைத்துவிடும். கண் பழகும்வரை சில நிமிடம் உட்கார்ந்துவிட்டு, லென்ஸுக்கு ஒரு முழம் முன்னால் கையை நீட்டுங்கள். திரையில் கையின் நிழல் தெளிவாக விழுந்தால், "கறுப்பு" என்று ப்ரொஜெக்டர் அனுப்புவதிலேயே அவ்வளவு வெளிச்சம் கசிகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்தக் கசிவைச் சுவர் வண்ணத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது. ஒரு பாதி பிரகாசமாகவும் மறுபாதி இருட்டாகவும் உள்ள காட்சியில் படத்தை நிறுத்துங்கள். கறுப்பு அட்டை ஒன்றை ஒளிக்கற்றையில் பிடித்து, பிரகாசமான பாதி மட்டும் மறையும்படி செய்யுங்கள். லென்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்தால் ஓரம் தெளியாது, ஒரு எட்டு தள்ளி நின்று பிடியுங்கள். இப்போது இருட்டான பாதியைக் கவனியுங்கள். அது இன்னும் இருண்டுவிட்டால் குற்றவாளி உங்கள் அறை: பிரகாசமான பாதியின் வெளிச்சம் கூரையிலும் பக்கச் சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து இருட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அட்டை லென்ஸுக்கு வெளியே இருப்பதால், லென்ஸுக்குள் சிதறும் வெளிச்சம் இந்தக் கணக்கில் வராது. மாறியது முழுக்க முழுக்க அறையால்தான்.

பழுதுக்காரர்

இருட்டுப்பிரியன் சொன்ன சோதனையைக் கட்டாயம் செய்யுங்க தம்பி. நானும் சர்வீஸுக்குப் போகிற இடத்தில் இதைத்தான் முதலில் செய்வேன்.

கூடவே இரண்டு விஷயம். ஏர் ஃபில்டரை எப்போது கடைசியாகச் சுத்தம் செய்தீர்கள்? தூசி அடைத்தால் உள்ளே சூடு ஏறும். எல்சிடி மாடலில் சூடு முதலில் கை வைப்பது போலரைசரில்தான் (பேனலுக்கு முன்னும் பின்னும் ஒளியை வடிகட்டும் தகடு), குறிப்பாக நீல ஒளி போகும் வழியில். முழு வெள்ளைப் படத்தில் ஒரு மூலை மஞ்சளாகவோ, சாம்பல் படத்தில் திட்டுத்திட்டாகவோ நிறம் தெரிந்தால் போலரைசர் போய்க்கொண்டிருக்கிறது. அப்படி இருந்தால் புது லேம்ப் போடுவது வீண் செலவு. ஒரே சீராக இருந்தால் பெட்டி நல்லபடி இருக்கிறது, தைரியமாக லேம்ப் போடலாம்.

லேம்ப் வாங்கினால் கூண்டோடு, தயாரித்த நிறுவனத்தினுடையதையே வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் போலி லேம்ப் ஆரம்பத்தில் பளபளவென்று எரியும், சில நூறு மணிநேரத்தில் மினுக்க ஆரம்பிக்கும். வெடித்ததையும் பார்த்திருக்கிறேன். உள்ளே பாதரசம் இருக்கிறது என்பதால் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடவே கூடாது.

தொலைக்காட்சிவாதி

அடிக்க வராதீர்கள். இவ்வளவு கணக்கு, அட்டை, லக்ஸ் மீட்டர்! பேசாமல் 98 அங்குல டிவி ஒன்றை மாட்டினால் என்ன? ஆயிரம் நிட், உண்மையான எச்டிஆர், பகலிலும் பார்க்கலாம், லேம்பும் இல்லை.

இருட்டுப்பிரியன்

அடிக்கவெல்லாம் இல்லை, நியாயமான கேள்வி. எச்டிஆர்தான் முக்கியம் என்றால் டிவி ஜெயிக்கும், அதில் மறுப்பே இல்லை. எச்டிஆர் படங்களின் உச்ச வெளிச்சத்தை 1,000 நிட்டுக்கும் 4,000 நிட்டுக்கும் வைத்துத் தயாரிக்கிறார்கள். வீட்டு ப்ரொஜெக்டர் 100 நிட்டைத் தொட்டாலே கொண்டாடுவோம்.

ஆனால் 120 அங்குலத்தின் பரப்பு 98 அங்குலத்தைப்போல் ஒன்றரை மடங்கு. சினிமா பார்க்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. அப்புறம் அந்த டிவி மாடிப்படி திரும்புமா என்று அளந்துவிட்டுத்தான் பேச வேண்டும். நடு ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைத்து, பேசுகிறவரின் வாயிலிருந்தே குரல் வருகிற மாதிரி அமைப்பதும் துளையிட்ட திரையில்தான் முடியும்.

வெண்திரை

இரண்டு சோதனையும் முடிந்தது. முடிவு எனக்கே ஆச்சரியம்.

கறுப்புப் படத்தில் கை நிழல் நன்றாகவே தெரிந்தது, ஐந்து விரலையும் எண்ணலாம். ஆக ப்ரொஜெக்டரில் கசிவு உண்டு. அட்டைச் சோதனைக்கு, இரவில் ஒரு ஜன்னல் மட்டும் வெளிச்சமாக உள்ள தெருக் காட்சியையும், பாதி வானம் பாதி குகை உள்ள காட்சியையும் எடுத்தேன். ஜன்னல் காட்சியில் பெரிய மாற்றமில்லை. குகைக் காட்சியில் வானத்தை மறைத்ததும் குகைச் சுவர் சட்டென்று இருண்டது, பாறையின் வரிகள்கூடத் தெரிந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, "இதற்கு முன்னால் அந்தப் பாறை இருந்ததா?" என்று கேட்டார்.

ஃபில்டரைக் கழற்றினால் பஞ்சு மெத்தை! சுத்தம் செய்துவிட்டேன். வெள்ளைப் படம், சாம்பல் படம் இரண்டும் ஒரே சீராக இருக்கின்றன, திட்டு எதுவும் இல்லை.

நுண்பார்வை

உங்கள் முடிவு பாடம்போல வந்திருக்கிறது. முழுக்க இருட்டான காட்சியில் அறைக்குத் திருப்பி அனுப்ப வெளிச்சமே இருக்காது, அங்கே ப்ரொஜெக்டரின் சொந்தக் கான்ட்ராஸ்ட்தான் பேசும். வெளிச்சமும் இருட்டும் கலந்த காட்சியில் அறை குறுக்கே வந்துவிடும். பல்லாயிரத்துக்கு ஒன்று என்று கான்ட்ராஸ்ட் உள்ள ஜேவிசியைக் கொண்டுவந்து அதே வெள்ளைக் கூரைக்குக் கீழே மாட்டினாலும், குகைக் காட்சியில் பெரும்பகுதி இப்படியேதான் இருக்கும்.

விளம்பரத்தில் வரும் "பத்து லட்சத்துக்கு ஒன்று" வகைக் கான்ட்ராஸ்ட் பெரும்பாலும் டைனமிக் கணக்கு. கறுப்புக் காட்சி வரும்போது ஐரிஸை (வெளிச்சம் போகும் துவாரத்தை) மூடியோ லேசரைக் குறைத்தோ எடுத்த எண், வெள்ளைக் காட்சியில் முழு வெளிச்சத்தில் எடுத்த எண், இரண்டையும் வகுத்துப் போடுகிறார்கள். ஒரே படத்துக்குள் அந்த வித்தியாசம் வராது.

கடைசிவரிசை

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் வீட்டுக்கூடத்தைக் கறுப்பு வண்ணம் அடித்துக் குகையாக்கச் சொல்கிறீர்களா? குடும்பம் நடத்துகிற இடம் சார் அது.

இருட்டுப்பிரியன்

முழு அறையும் வேண்டியதில்லை. திரையிலிருந்து முதல் ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் இருக்கும் கூரையும் பக்கச் சுவரும்தான் பெரும்பாலான திருட்டைச் செய்கின்றன. அந்தப் பகுதிக்குப் பளபளப்பில்லாத அடர்ந்த நிறம் போதும், கறுப்பே ஆக வேண்டும் என்பதில்லை. அடர்நீலம், கரும்பழுப்பு எதுவானாலும் மேட் பெயின்ட்டாக இருக்க வேண்டும். பக்கச் சுவரில் தடித்த வெல்வெட் திரைச்சீலையைக் கம்பியில் ஓடவிட்டால், படம் பார்க்கும்போது இழுத்துக்கொள்ளலாம், மற்ற நேரம் ஒதுக்கிவிடலாம்.

வண்ணம் அடிக்கும் முன் கறுப்புத் துணியைக் கூரையில் தற்காலிகமாக ஒட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம்.

ஓரக்கண்

அக்கறையோடு ஒன்று: டிஎல்பி வாங்குவதாக இருந்தால் வீட்டில் எல்லோரும் முதலில் டெமோ பாருங்கள். ஒற்றைச் சில் டிஎல்பியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும், மூளைதான் சேர்த்துக்கொள்கிறது. என்னைப் போன்ற சிலருக்கு அந்தச் சேர்க்கை சில நேரம் பிசகும். கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடும்போது கண்ணை அசைத்தால் எழுத்தின் ஓரத்தில் வானவில் தெறிக்கும். தலைவலி வரும். கடையில் படத்தின் கடைசி எழுத்து வரிசையைப் போடச் சொல்லி, கண்ணை இடமும் வலமும் வேகமாக ஓட்டிப் பாருங்கள்.

லேசரானால் வானவில் போய்விடும் என்று ஒரு கடைக்காரர் என்னிடம் அடித்துச் சொன்னார். கலர் வீல் (நிறங்களைப் பிரிக்கும் சுழல் தட்டு) போகலாம், நிறங்கள் வரிசையாக வருவது போகாது. வேகம் கூடினால் குறையும், அவ்வளவுதான். மூன்று நிற லேசரில் சிலருக்குத் திரையில் பொடிப்பொடியாக மினுமினுப்பும் தெரியும். வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால்கூட அந்த ப்ரொஜெக்டர் மூலையில்தான் கிடக்கும்.

பழுதுக்காரர்

அவர் சொல்வது நூற்றுக்கு நூறு. டிஎல்பியைக் குறை சொல்வதற்காக அல்ல. கண்ணாடிச் சில்லைத் தூசி புகாதபடி மூடி வைத்திருக்கும் மாடல்களில் எல்சிடிபோலத் தூசிப் பூ விழும் தொல்லை குறைவு, மூன்று பேனலையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவைக்கும் சிக்கலும் கிடையாது. எழுத்து கத்திபோல நிற்கும். கேமுக்கும் தாமதம் குறைவான மாடல்கள் அதில்தான் அதிகம்.

இன்னொன்றையும் கேட்டுக்கோங்க. "4கே" என்று எழுதியிருக்கும் டிஎல்பியில் பெரும்பாலானவற்றின் சில்லில் 1920 x 1080 கண்ணாடிகள்தான். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நான்கு முறை இடம் நகர்த்திக் காட்டி 83 லட்சம் புள்ளி ஆக்குகிறார்கள். ஏமாற்று இல்லை, கண்ணுக்கு நிஜமாகவே கூர்மையாகத்தான் இருக்கும். ஆனால் "4கே சப்போர்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு. 4கே சிக்னலை உள்ளே வாங்கி, 1080பி-யிலோ அதற்கும் கீழேயோ காட்டும் பெட்டியாக இருக்கும்.

உங்கள் இடத்துக்கு ஒத்துவருமா என்பதுதான் அதைவிட முக்கியம். லென்ஸ் தூரம் 3.9, திரை அகலம் 2.66, வகுத்தால் 1.47. பல 4கே டிஎல்பிகளின் ஜூம் 1.1-இல் தொடங்கி 1.5-க்குள் முடிந்துவிடும். நீங்கள் அதன் கடைசி நுனியில் நிற்கிறீர்கள். ஜூமின் அந்த நுனியில் வெளிச்சமும் கணிசமாகக் குறையும். லென்ஸ் ஷிஃப்ட் (பெட்டியை அசைக்காமல் லென்ஸை நகர்த்திப் படத்தை ஏற்றி இறக்கும் வசதி) கொஞ்சமாக இருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ கூரையிலிருந்து இறக்கி மாட்ட வேண்டியிருக்கும். கீஸ்டோனில் சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அது படத்தையே டிஜிட்டலாகச் சுருக்கி வளைப்பது. 4கே-க்குக் காசு கொடுத்துவிட்டுப் பிக்சலை நீங்களே தூக்கிப்போடுவதாகிவிடும்.

தொலைக்காட்சிவாதி

பயன்படுத்திய ஜேவிசி பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

பழுதுக்காரர்

திறக்கிறேன். கறுப்பு வேண்டுமென்றால் எல்கோஸ்தான் (ஜேவிசியும் சோனியும் பயன்படுத்தும் பேனல் ரகம்), அதில் இரண்டாம் பேச்சு இல்லை. வீட்டுக்கு அசல் 4கே-யை 2011-இலேயே சோனி கொண்டுவந்துவிட்டது. ஜேவிசியின் என்எக்ஸ் வரிசை 2018-இல் வந்தது. அடுத்த ஆண்டே காட்சிக்குக் காட்சி எச்டிஆரை அளந்து ப்ரொஜெக்டரின் வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளும் வசதியையும் அந்த மாடல்களுக்கு அப்டேட்டாகவே கொடுத்தார்கள். ப்ரொஜெக்டரில் எச்டிஆர் பார்க்கத் தகுந்ததாக ஆனது இந்த மாதிரி வசதிகளால்தான்.

பயன்படுத்தியதை வாங்கும்போது லேம்ப் மணியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். லேம்ப் மீட்டரை ரீசெட் செய்ய முடியும். சர்வீஸ் தகவல் பக்கத்தில் மொத்த ஓட்டம் தனியாக இருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். முழுக் கறுப்புப் படத்தில் மூலைகள் வெளுத்திருக்கிறதா, மெல்லிய வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ பிதுங்குகிறதா, ஃபோகஸ் நான்கு மூலையிலும் ஒரே மாதிரி நிற்கிறதா, இவ்வளவையும் பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகு பாருங்கள். போன உடனே பார்ப்பதில் பயனில்லை. வாரண்டி முடிந்த எல்கோஸில் ஒளிப்பகுதி கெட்டால் செலவு கையைச் சுட்டுவிடும். அசலில் அவை எச்டிஎம்ஐ 2.0 காலத்துப் பெட்டிகள் என்பதால் 4கே-யில் நொடிக்கு 120 ஃப்ரேம் வேகத்தில் கேம் ஆடவும் முடியாது. தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

வெண்திரை

தம்பி முகம் இப்போதே சுருங்கிவிட்டது.

எச்டிஆர் மங்கல் விஷயம் மட்டும் இன்னும் புரியவில்லை. என் ப்ரொஜெக்டருக்கு எச்டிஆரே தெரியாது. பிறகு எப்படி?

நுண்பார்வை

அதனால்தான் மங்குகிறது. ப்ரொஜெக்டர் எச்டிஆர் வாங்காது என்று தெரிந்ததும் பிளேயரே அதை எஸ்டிஆராக, அதாவது சாதாரண வீச்சுள்ள படமாக, மாற்றி அனுப்புகிறது. ஆயிரக்கணக்கான நிட்டுக்குத் தயாரித்த படத்தைச் சின்ன எல்லைக்குள் அடைக்கும்போது, உச்ச வெளிச்சத்தைக் காப்பாற்றுவதற்காகப் பல பிளேயர்கள் நடுத்தர வெளிச்சத்தை, அதாவது முகங்களையும் அறைகளையும், கீழே தள்ளிவிடும். உங்கள் 33 நிட்டில் அது இருட்டுக் கிணறாகிவிடுகிறது. பிளேயர் மெனுவில் எச்டிஆர் மாற்றத்துக்கென்று வெளிச்ச அளவு அமைப்பு இருக்கிறதா பாருங்கள். பானாசோனிக் யூபி820 போன்ற சிலவற்றில் ப்ரொஜெக்டருக்கென்றே தனி அமைப்பு உண்டு. இல்லாவிட்டால் அதே பெட்டியில் சேர்ந்து வரும் சாதாரண ப்ளூரேயைப் போடுங்கள். அது இருட்டறையில் 100 நிட் மானிட்டரைப் பார்த்து நிறம் தீர்த்தது, உங்கள் ப்ரொஜெக்டருக்கு அதுதான் இயல்பான தீனி.

வெண்திரை

நிலவரம் சொல்ல வந்தேன். கறுப்புத் துணி வாங்கித் திரைக்கு முன்னாலுள்ள கூரையில் ஊசி குத்தி மாட்டினேன், பக்கச் சுவருக்கும் தொங்கவிட்டேன். குகைக் காட்சி வேறு படமாகிவிட்டது. ஜன்னல் காட்சி அப்படியேதான். பிளேயரில் வெளிச்ச அமைப்பு ஒன்று ஒளிந்திருந்தது, அதை ஏற்றியதும் எச்டிஆர் டிஸ்க் பார்க்கும்படியாக இருக்கிறது.

அசல் லேம்பும் வந்து மாட்டியாயிற்று. அதே மோடில் 190 லக்ஸ், அதாவது 60 நிட்! இத்தனை நாள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

டிஎல்பி டெமோவுக்கும் போனோம். ஓரக்கண் சொன்னபடி எழுத்து வரிசையைப் போடச் சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மனைவி இரண்டே நிமிடத்தில், "எழுத்தெல்லாம் ஏன் சிவப்பும் பச்சையுமாகச் சிதறுகிறது?" என்றார். டிஎல்பி கதை அங்கேயே முடிந்தது.

அதனால் கூரைக்கு அடர்நீல மேட் பெயின்ட், பக்கத்துக்கு வெல்வெட். ப்ரொஜெக்டர் மாற்றுவது இந்த லேம்ப் தேயும்போது. அப்போதும் தேடப்போவது கறுப்பைத்தான், 4கே அதோடு சேர்ந்து வந்தால் வரட்டும்.

கடைசிவரிசை

4கே-க்குத் தேதி குறித்துவிட்டீர்கள், எனக்கு அது போதும்.

பழுதுக்காரர்

புது லேம்ப் போட்ட கையோடு மெனுவில் லேம்ப் மீட்டரை ரீசெட் செய்தீர்களா? செய்யாவிட்டால் பழைய 3,200-இலிருந்தே எண்ணிக்கொண்டு போய், புது லேம்பை மாற்றச் சொல்லி எச்சரிக்கை வரும். சில மாடல்கள் அந்தக் கணக்கை நம்பி அணைந்தேவிடும்.

புதுமுகம்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு 100 அங்குலத் திரை, கூடத்தில் பகல் வெளிச்சம் நிறைய. வெளிச்சத்தைத் தடுக்கும் ஏஎல்ஆர் திரை போட்டால் சரியாகிவிடுமா?

இருட்டுப்பிரியன்

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ப்ரொஜெக்டர் திரைக்கு அடியில் வைக்கும் ரகமா தூரத்திலிருந்து அடிக்கும் ரகமா என்பதைப் பொறுத்துத் திரையே மாறும். அடியில் வைக்கும் ரகத்துக்குச் செய்த திரை தூரத்து ப்ரொஜெக்டரின் வெளிச்சத்தையும் தடுத்துவிடும். தனி இழை தொடங்குங்கள். ஜன்னல் எந்தப் பக்கம், லென்ஸ் தூரம் எவ்வளவு, உட்காரும் தூரம் எவ்வளவு, மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். முடிந்தால் பகலில் ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டுத் திரை நடுவில் எத்தனை லக்ஸ் காட்டுகிறது என்றும் அளந்து போடுங்கள்.